மூடிக் குடித்தது

'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்று ஒரு பழமொழி. இதற்கு இரண்டு விதமாக அர்த்தம் சொல்வார்கள். ஈ, தூசி விழாமல் சுத்தமாகக் குடி என்பது ஒன்று. பள்ளிக்கூடத்து சுகாதாரப் பாடத்துக்கு ஒத்துவருகிற அர்த்தம். உன் வீட்டில் இன்றைக்குப் புளித்த கஞ்சிதான் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் வாஸ்தவமானது என்று படுகிறது. அந்த 'ஆனாலும்' காடியைச் சாப்பாட்டின் கடைசிப் படியில் உட்கார வைக்கிறது. அதற்குக் கீழே பட்டினிதான். அந்தப் படியில் இருப்பவனுக்குப் பழமொழி சோறு தரவில்லை. ஒரு மூடியைத் தருகிறது.

என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிப்பது வேலை. காலையில் அவர் கொண்டுபோகும் தூக்கில் முதல்நாள் சோறு ஊறிய நீராகாரம், உப்பு, இரண்டு சின்ன வெங்காயம். கூட வேலை செய்தவர்களின் தூக்கிலும் அதேதான். அது எல்லோருக்கும் தெரியும். என்றாலும் ஒவ்வொருவரும் சற்றுத் திரும்பி உட்கார்ந்து, தூக்கின் மூடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பார்களாம். நிலக்கரித் தூள் விழாமல் இருக்கத்தான் அப்படி என்று அப்பா சொல்வார். துறைமுகத்தில் கரி இறங்கிய காலம் அது. நீதிமன்ற உத்தரவால் 2011இல்தான் அது நின்றது. ஆக, பழமொழியின் இரண்டு அர்த்தங்களும் அந்த மூடிக்கு அடியில் ஒன்றாக இருந்திருக்கின்றன.

இப்போது காடி கண்ணாடிப் புட்டியில் வருகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பெரிய கடைகளில் கண்ணுக்கு நேரான தட்டில், தேனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் காடி, மாதுளைக் காடி, இஞ்சியும் பூண்டும் எலுமிச்சையும் தேனும் சேர்த்த காடி. அரை லிட்டருக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாரத்துக்குக் கூழ் குடிக்கலாம். புட்டியின் மேல் 'தாயுடன்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. புளிக்கும்போது மேலே படிகிற வழவழப்பான ஆடைக்குத்தான் அந்தப் பெயர். நுண்ணுயிர்கள் நெய்கிற செல்லுலோஸ் படலம். காடி பிறக்க அது வேண்டும். குடிக்கிறவனுக்கு அதனால் தனியாக நன்மை உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. மூடிக் குடித்ததைக் காட்டிக் குடிக்கிற காலம் வந்திருக்கிறது. இதைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். விஷயம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதால் எனக்கு அது சாத்தியப்படவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

காடியின் சரித்திரத்தை எழுத யாராவது முன்வந்தால் அவர்கள் தூரதேசம் போக வேண்டாம். ராயபுரத்தில் ஒரு மாலை நடந்தால் போதும்.

ராயப்பர் என்றால் பேதுரு. படகோட்டிகள் கட்டிய அவருடைய கோயிலிலிருந்துதான் ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். சிலுவையில் தாகம் என்று சொன்னவருக்குக் கடற்காளானில் தோய்த்து நீட்டப்பட்ட பானத்துக்குப் பழைய தமிழ் விவிலியம் வைத்த சொல் 'காடி'. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது 'புளித்த திராட்சை இரசம்' ஆகியிருக்கிறது. திராட்சை விளையாத தேசத்தில் முதலில் மொழிபெயர்த்தவர்கள் கஞ்சிப்பானையிலிருந்து சொல்லை எடுத்திருக்கிறார்கள். சரியான சொல் என்றே நினைக்கிறேன். சிறுவயதில் அந்த இடத்தைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் அது கொடுமையின் கடைசித் துளி என்றுதான் புரிந்துகொண்டேன். சங்கீதத்தின் எதிரொலி அதில் இருப்பதால் சுவிசேஷக்காரர்களும் அந்த அர்த்தத்தை விலக்கவில்லை. ஆனால் ரோமாபுரிச் சிப்பாய்களும் கூலிகளும் தினமும் குடித்தது காடி கலந்த தண்ணீர். 'போஸ்கா' என்று அதற்குப் பெயர். கொலைக்களத்தில் காவல் நின்றவன் தன் பாத்திரத்திலிருந்தே கொடுத்திருக்கக்கூடும். அப்படியானால் அது கொடுமையா, ஒரு கூலிக்காரன் இன்னொருவனுடைய தாகத்தைப் புரிந்துகொண்டதா? பதில் எதுவானாலும் அந்தக் காட்சி எனக்குள் மாறிவிட்டது.

அதே ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. 1910இல் எழுந்தது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு உள்ள ஒரே கோயில். அவர்கள் சமையலில் காடிக்கு 'சர்கோ' என்று பெயர். குஜராத்தில் நவ்சாரியிலிருந்து வருகிற கரும்புச் சாற்றுக் காடிக்கு மதிப்பு ஜாஸ்தி. மீனை வெள்ளைக் குழம்பில் வேகவைத்துக் காடியும் முட்டையும் அடித்து ஊற்றுவார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பிய நாளிலிருந்து ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் விண்டாலுவிலும் காடிதான் பிரதானம். போர்த்துகீசியரின் ஒயினும் பூண்டும் அந்தப் பெயராகத் திரிந்தன. கடைசி இரண்டெழுத்தை வைத்து உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

மேற்கு மாதா கோவில் தெருவில் மத்திய அரசின் யுனானி மண்டல ஆராய்ச்சி நிறுவனம். யுனானியில் 'சிகஞ்சபீன்' என்று ஒரு பானம் உண்டு. பாரசீகத்தில் 'சிர்கா' காடி, 'அங்கபீன்' தேன். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சிய பாகுக்கு இரண்டு சொற்களையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் இதே பானம் 'ஆக்ஸிமெல்' என்று வருகிறது. இப்னு சீனா இதற்காகவே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். பித்தச் சூடு, தாகம், கல்லீரல் மந்தம் இவற்றுக்குத் தருவது மரபு. விதைகள் சேர்த்தது, எலுமிச்சை சேர்த்தது என்று வகைகள். டில்லித் தெருக்களில் விற்கிற 'ஷிகஞ்சி' எலுமிச்சைத் தண்ணீர் இந்தப் பெயரின் மிச்சம். காடி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. நாவற்பழத்தின் காடியும் யுனானிக்காரர்களுக்குப் பழைய சரக்கு. ஆப்பிள் விளையாத ஊருக்கு ஆப்பிள் காடி வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, ஆடி மாதம் தள்ளுவண்டியில் உப்போடு விற்கிற பழத்துக்கு இந்த யோக்கியதை கிடைத்திருக்கிறது.

பிறகு தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடை. பச்சைமிளகாய் மிதக்கிற வெள்ளைக் காடி, கிண்ணத்தில். இதற்கு சாஸ்திரமும் இல்லை, சரித்திரமும் இல்லை. இன்றைய ராயபுரத்தில் அதிகம் பேர் நாக்கில் படுகிற காடி இதுதான்.

*

'ஷரப்' என்ற அரபி வேருக்குக் குடித்தல் என்று பொருள். அதிலிருந்துதான் நம் நன்னாரி சர்பத், குடிகாரர்களின் ஷராப், மருந்துக்கடை சிரப் எல்லாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் 'ஷ்ரப்' என்று ஒன்று குடித்தார்கள். அதுவும் இந்த வேர்தான். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் பழம் அழுகாமல் இருக்க, பழத்தைச் சர்க்கரையில் ஊறவைத்து வடிகட்டிக் காடியில் கலந்து வைப்பார்கள். வேண்டும்போது தண்ணீர் விட்டுக் குடிப்பார்கள். வைக்கோல் அறுக்கிற வயல்களில் காடியும் வெல்லப்பாகும் இஞ்சியும் கலந்த தண்ணீர் போயிற்று. அதற்கு 'ஸ்விட்செல்' என்று பெயர்.

இந்தப் பானங்களில் பலவற்றைக் குடித்தவர்கள் வெயிலில் வேலை செய்தவர்கள். காரணம் எளிமையானது. புளிப்பு வாயில் எச்சிலை ஊறவைக்கிறது. வறட்சி போனதுபோல் இருக்கிறது. தேங்கிய தண்ணீரின் நாற்றத்தை மறைக்கிறது. அமிலத்தில் பல கிருமிகள் பிழைப்பதில்லை. இதற்கு மேல் அவர்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் அந்த இடத்தில் கூழ் வண்டி நிற்கிறது. தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ காலை பத்து மணிக்குப் பாருங்கள். மண்பானையில் கேழ்வரகுக் கூழ், தட்டில் மோர்மிளகாய், வெங்காயம், கருவாடு, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை. ஒரு கையில் புளித்த பானம், இன்னொரு கையில் புளித்த பழம். மற்ற தேசத்தார் ஒரே புட்டியில் ஊற்றி வைத்ததை நாம் இரண்டு கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் கூழின் புளிப்பு வேறு. அது மோரில் இருக்கிற லாக்டிக் அமிலம். காடிப் புட்டியில் இருப்பது அசெட்டிக் அமிலம். அதற்கு முதலில் சர்க்கரை சாராயமாக வேண்டும், பிறகு சாராயம் காற்றைக் குடித்துக் காடியாக வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது உயிருள்ள ஒன்று என்பதை 1860களில் பாஸ்டர் எடுத்துக்காட்டினார். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கூழில் உப்பு இருக்கிறது. வியர்வையில் போகிறது உப்பு. காடித் தண்ணீர் அதைத் திருப்பித் தராது. வெயிலில் மயங்கி விழுந்தவனுக்குக் காடிச் சர்பத் கொடுப்பதைவிட உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது நல்லது. தசை பிடித்துக்கொண்டால் ஊறுகாய்க் காடிநீர் தண்ணீரைவிட விரைவில் விடுவிக்கிறது என்று 2010இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை வந்தது. தொண்டையில் படுகிற புளிப்பு நரம்புக்கு ஏதோ சொல்கிறது என்று ஊகித்தார்கள். உப்பு இரத்தத்தில் சேர்வதற்குள்ளேயே பிடிப்பு விட்டுவிடுகிறதாம்.

நமக்குச் சொந்தமாக ஒரு நல்ல காடி இருந்திருக்க வேண்டும். தென்னங்கள் இரண்டு நாள் இருந்தால் தானே புளித்துக் காடியாகத் தொடங்கும். கோவாவிலும் இலங்கையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் 'வினாகிரி' என்று போர்த்துகீசியச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. சாராயக் கடை அரசாங்கத்தினுடையது; பனையும் தென்னையும் தடையில். ஆகவே நமக்குக் கிடைக்கிற வெள்ளைக் காடி பெரும்பாலும் ஆலையில் செய்த அசெட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. சட்டப்படி 100 மில்லியில் 3.75 கிராமுக்குக் குறையாமல் அமிலம் இருக்க வேண்டும். செயற்கை என்று புட்டியில் எழுத வேண்டும். எழுதத்தான் செய்கிறார்கள், சிறிய எழுத்தில். உலகத்தில் இந்த அமிலம் பெரும்பாலும் மெத்தனாலிலிருந்து வருகிறது. பழமும் இல்லை, கள்ளும் இல்லை. அமிலம் என்ற அளவில் அதுவும் இதுவும் ஒன்றுதான். வாசனை என்ற அளவில் ஒன்றல்ல.

*

இனி அக்கா.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. எர்ணாவூர்ப் பக்கம் இருக்கிறாள். பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மெட்ஃபார்மின், கூட இன்னொரு மாத்திரை. போன வருஷம் சித்திரையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு புட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மூடி. நான் போனபோது அக்கா சந்தோஷமாக இருந்தாள்.

"தம்பி, இத்தக் குடிச்சா உள்ள இருக்கற அழுக்கெல்லாம் போயிடுமாம். மாத்திரை வேலை செய்யறதே இது இருந்தாத்தானாம்."

மாத்திரையைக் குறைத்திருக்கிறாயா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு இரவு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதாகச் சொன்னாள். ஆவணியில் பாதியும் இல்லை. மூன்று மாத சராசரி 7.4இலிருந்து 9.1 ஆகியிருந்தது. வலது காலின் சின்ன விரலுக்கு அடியில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. ஸ்டான்லியில் ஐந்து வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினார்கள். விரல் தப்பியது.

புட்டியைப் பழி சொல்லலாம். சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ளலாம் என்று படிக்க உட்கார்ந்தேன். புட்டி முழுப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் கிடைத்த அதிர்ச்சி. 2004இல் அரிஸோனாவில் கேரல் ஜான்ஸ்டன் என்பவரும் சகாக்களும் 29 பேருக்கு 20 கிராம் ஆப்பிள் காடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பிறகு ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். இன்சுலினுக்கு உடம்பு சரியாக இசையாத, ஆனால் இன்னும் சர்க்கரை நோய் வராதவர்களிடம் தெளிவான நன்மை. நோய் வந்தவர்களிடம் கொஞ்சம். காடி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மாவுச்சத்து மெதுவாக உள்ளே போகிறது. சோற்றோடு சேர்ந்தால்தான் இதற்கு அர்த்தம். அக்கா குடித்ததோ வெறும் வயிற்றில்.

2009இல் ஜப்பானில் பருமனானவர்கள் 155 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்ததில் எடை ஒன்றிலிருந்து இரண்டு கிலோ குறைந்தது. செய்தது காடி தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். 2024இல் லெபனானிலிருந்து எடை பிரமாதமாகக் குறைகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. உலகமெங்கும் பத்திரிகைகள் போட்டன. புள்ளிவிவரங்களை நம்பமுடியவில்லை என்று 2025இல் வெளியிட்டவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்? பக்கத்து வீட்டுப் பெண் படிக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. நாள்பட்ட சர்க்கரையில் வயிற்றின் நரம்பு தளர்ந்து சாப்பாடு ஏற்கெனவே மெதுவாக இறங்குகிறவர்களுக்கு, காடி அதை இன்னும் மெதுவாக்குகிறது என்று 2007இல் ஸ்வீடனில் கண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாமல் போகும். தினமும் கால் லிட்டர் காடி ஆறு வருஷம் குடித்த இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து எலும்பும் மெலிந்துபோனதாக 1998இல் ஆஸ்திரிய டாக்டர்கள் எழுதினார்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். கலக்காமல் குடித்தால் பல்லின் எனாமல் கரையும், தொண்டை புண்ணாகும். சிகஞ்சபீனில் இரண்டு மூன்று பங்கு சர்க்கரை அல்லது தேன். சர்க்கரை நோயாளிக்கு அது மருந்தல்ல, பாயசத்தின் தம்பி.

ஆக மொத்தம்: ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் ஒன்றிரண்டு ஸ்பூன், சாப்பாட்டோடு, மாத்திரைக்குப் பதிலாக இல்லாமல், டாக்டருக்குச் சொல்லிவிட்டு. இதற்கு மேல் நம்பிக்கையாகச் சொல்ல எதுவும் இல்லை. இந்த நாலு வரியைப் புட்டியின் மேல் அச்சிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.

*

அக்கா சொன்ன 'அழுக்கு' என்ற சொல்தான் என்னை விடவில்லை.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதே மாதம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியிருந்தது. அதற்கும் முன்னால் வருஷக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில். உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று எர்ணாவூரில் ஒரு பெண் நினைத்தால் அது மூடநம்பிக்கை இல்லை. அவள் நினைப்பதற்குப் பூகோள ஆதாரம் இருக்கிறது.

கசிவுக்குப் பிறகுதான் அந்தத் தெருவில் காடிப் புட்டி பரவியது என்று அக்கா சொன்னாள். அம்மோனியா காரம், காடி அமிலம், ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்று யாரோ கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதனைக் குழாயில் அது சரி. உப்பும் தண்ணீரும் மிஞ்சும். நெஞ்சுக்கூடு பரிசோதனைக் குழாய் இல்லை. குடித்தது வயிற்றுக்குப் போகிறது, மூச்சில் வந்தது நுரையீரலுக்குப் போய்விட்டது. இரத்தத்தைச் சுத்தப்படுத்தக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. காடியால் அவற்றுக்குக் கூடுதல் கை முளைக்காது. சாம்பலில் இருக்கிற உலோகம் எதையும் காடி வெளியே அழைத்து வராது.

ஆனால் புட்டி ஒரு வேலையை நிச்சயமாகச் செய்கிறது. வெளியில் இருக்கிற குழாயை உள்ளே இருக்கிற குடலாக மாற்றிவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி, காற்றை யார் கெடுத்தார்கள் என்பது. அது, இன்றைக்கு நீ குடித்தாயா என்ற கேள்வியாகிவிடுகிறது. குடிக்காதவள் தன் உடம்பைக் கவனிக்காதவள். பெரியகுப்பத்துப் பெண்கள் ஆலை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது கேட்டது காற்று. கடையில் கிடைப்பது புட்டி. அரை லிட்டர் வாங்குகிறவள் காற்றுக்கும் சேர்த்துத் தன் பணத்தைக் கட்டுகிறாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லி வாங்கவில்லை என்பதுதான் இதன் சாமர்த்தியம்.

நம் பக்கத்திலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்ததுதான். நாம் ஆப்பிள் காடியைத் தள்ளிவிட்டு உடனே நீராகாரத்தைத் தலைமேல் வைத்துக்கொள்வோம். உழைக்கும் மக்களின் பானம், புளிப்பின் அழகியல், மண்ணின் ருசி என்று நாலு பக்கம் எழுதிவிடலாம். கவிதையில் ஒரு தூக்கு, ஒரு வெங்காயம். அப்பா நீராகாரத்தை அழகியலுக்காகக் குடிக்கவில்லை. இட்லி கிடைத்த நாளில் இட்லி சாப்பிட்டார். சம்பளம் உயர்ந்தபோது தூக்கை ஆணியில் மாட்டிவிட்டுக் கேன்டீனில் சாப்பிடத் தொடங்கினார். அந்த நாளை அவர் சந்தோஷமாகத்தான் சொல்வார். அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்த மூடியைப் பிடுங்கிவிட்டு, பாருங்கள் எவ்வளவு நல்ல பானம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. கடைக்காரன் காடியை மருந்தாக்குகிறான், நாம் குறியீடாக்குகிறோம். குடித்தவனுக்குத் தாகம் இருந்தது என்பது இரண்டிலும் விட்டுப்போகிறது.

இலக்கியத்தைப் பற்றி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி, இதனால் என்ன பிரயோஜனம் என்பது. நாம் கோபப்படுகிறோம், அல்லது ஏதாவது ஒரு பிரயோஜனத்தைத் தேடிச் சொல்லிவிடுகிறோம். மனித நேயம் வளரும், பிரக்ஞை விரியும். ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவுரைபோல. பிடித்திருக்கிறது என்று சொல்ல ஏன் கூச்சம்? ஒன்றைப் பயனுக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறவன், பயன் பொய்யானதும் அதைக் கொட்டிவிடுகிறான். பிடித்து எடுத்துக்கொள்கிறவனுக்கு அந்த ஏமாற்றம் இல்லை.

அக்கா இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். சராசரி 7.6. நாவற்பழம் வந்தபோது ராயபுரத்தில் பழைய யுனானிக் கடை ஒன்றில் நாவல் சிர்கா வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரைக்கு நல்லதா என்று கேட்டாள். அதற்காக இல்லை என்றேன். வெங்காயத்தை வட்டமாக அரிந்து, உப்புப் போட்டு, ஒரு ஸ்பூன் சிர்கா விட்டுக் கால்மணி நேரம் வைத்தால் ஊதா நிறமாகிவிடும். சங்கரா மீன் வறுவலுக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும். வெயில் நாளில் அதையே தண்ணீரில் விட்டு, ஒரு சிட்டிகை உப்பு, நாலு புதினா இலை. சர்க்கரை வேண்டாம். முதல் மிடறில் முகத்தைச் சுளித்தாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"மருந்தே இல்லன்னா அப்புறம் எதுக்குடா குடிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே முழுவதையும் குடித்தாள்.